கல்யாணத்துக்கு ஒரு டெஸ்க்டாப், கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு டெஸ்க்டாப்: தெளிவுத்திறனையும் தனித்தனியாக வைக்க முடியுமா?

மெய்ப்புக்காரன் (கேள்வி)

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி எல்லாம் ஒரே நாற்காலியிலிருந்துதான். கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்தது தொழிலுக்கு வேண்டிய அளவு மட்டும். கேள்வியில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் இருந்தால்தான் யாரும் பொறுப்பதில்லை.

போன ஆவணியில் நடந்ததைச் சொன்னால்தான் கேள்வி புரியும். பெண் வீட்டார் ஐந்து பேர் என் முதுகுக்குப் பின்னால் நின்று மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "முதலில் காட்டிய மாதிரியை இன்னொரு தடவை காட்டுங்கள்" என்றார் பெண்ணின் தாயார். ஆல்ட் விசையோடு டேப் விசையைத் தட்டினேன். ஒரு தட்டு கூடுதலாக விழுந்துவிட்டது. திரை முழுக்க மாலை போட்ட படம், அதன் மேல் கறுப்புப் பட்டையில் "கண்ணீர் அஞ்சலி". காலையில் அவசரமாக வந்த வேலை அது. அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கிவிட்டார். மற்ற நால்வரும் பின்னாலேயே போனார்கள். கொடுத்த முன்பணத்தைக் கேட்கக்கூட யாரும் திரும்பி வரவில்லை.

இதைக் கேட்டு என் அக்கா மகன், "மாமா, ஒரே கணினியில் பல டெஸ்க்டாப் வைத்துக்கொள்ளலாம், கல்யாணத்துக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று" என்று விண்டோஸ் 11-இல் இரண்டு உருவாக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல யோசனை. இதற்கிடையில் மானிட்டர் விஷயம் குறுக்கே வந்தது.

எனக்கு வயது 57. கண் முன்போல இல்லை. அதனால் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன். தெளிவுத்திறன், அதாவது திரைப்புள்ளிகளின் எண்ணிக்கை, 3840க்கு 2160. கணினி தானாகவே 150 சதவீத ஸ்கேலிங் (எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது) வைத்துக்கொண்டது. வாட்ஸ்அப், பி.டி.எஃப். எல்லாம் கண்ணாடி போலத் தெரிகின்றன. ஆனால் நான் வேலை செய்வது தமிழ்நாட்டு டி.டி.பி. கடைகளில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில். 2001-இல் வந்த பதிப்பு. பெயர் சொல்ல வேண்டியதில்லை, தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். என் தமிழ் எழுத்துருக்களும் இருபது ஆண்டுக் கோப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன. புது மானிட்டரில் அது மட்டும் கஞ்சித் தண்ணீருக்குள் வைத்துப் பார்ப்பதுபோல மங்கலாக இருக்கிறது. அந்த மங்கலில் "இளைய மகள்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "இளைய மகன்" என்று இருந்ததைக் கவனிக்காமல் 400 பத்திரிகை அடித்துவிட்டேன். ன்-னுக்கும் ள்-ளுக்கும் உள்ள வித்தியாசம் வலது காலில் ஒரு வளைவுதானே. காகிதக் காசு என் தலையில்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், வடிவமைக்கும்போது திரையை 1920க்கு 1080 ஆக்கி ஸ்கேலிங்கை 100 சதவீதத்தில் வைக்கிறேன். மெய்ப்புப் பார்க்கும்போது திரும்ப 4கே. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் திரை கறுத்து மீளும்போது சாளரங்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன. போதாக்குறைக்கு 4கேயில் மவுஸ் அம்பு சேற்றில் நடப்பதுபோல நகர்கிறது. பெரிய திரை என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

கேள்வி இதுதான்: முதல் டெஸ்க்டாப் எப்போதும் 1920க்கு 1080, இரண்டாவது எப்போதும் 4கே என்று வைத்துக்கொள்ள வழி உண்டா? கணினி ஐந்தாறு ஆண்டுப் பழையது. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லை. பின்புறம் விஜிஏ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் மூன்று துளைகளும் இருக்கின்றன. எச்டிஎம்ஐயில் மாட்டியிருக்கிறேன்.

நான்காம் சாளரம்

விண்டோஸில் முடியாது ஐயா. டெஸ்க்டாப்புக்குத் தனிப் பெயர் வைக்கலாம், விண்டோஸ் 11-இல் தனிப் பின்னணிப் படமும் வைக்கலாம். தெளிவுத்திறன், ஸ்கேலிங் இரண்டும் எல்லா டெஸ்க்டாப்புக்கும் பொது.

உங்கள் ஆல்ட்-டேப் பிரச்சினைக்கு மட்டும் பதில்: செட்டிங்ஸ், சிஸ்டம், மல்டிடாஸ்கிங், டெஸ்க்டாப்ஸ் என்று போய்ப் பாருங்கள். ஆல்ட்-டேப் எந்தெந்தச் சாளரங்களைக் காட்ட வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். "நான் இருக்கும் டெஸ்க்டாப் மட்டும்" என்ற பொருளில் உள்ளதை வையுங்கள். இயல்பாகவே அப்படித்தான் இருக்கும், யாராவது மாற்றியிருக்கலாம். விண்டோஸ், கண்ட்ரோல் விசைகளோடு இடது அல்லது வலது அம்பு அழுத்தினால் டெஸ்க்டாப் மாறும். அம்புக்குப் பதில் டி விசை என்றால் புதியது பிறக்கும். எஃப்4 என்றால் இருப்பது மூடிக்கொள்ளும். அதிலிருந்த சாளரங்கள் அழிந்துவிடாது, பக்கத்து டெஸ்க்டாப்புக்குப் போய்விடும். அதனால் மணப்பெண்ணின் தாயார் நிற்கும்போது எஃப்4 பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

பழைய பலகை

மெய்ப்புக்காரரே, உங்கள் கேள்வி தவறானது அல்ல. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கணினி இதைச் செய்தது.

1989-இல் சிங்கப்பூரில் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தபோது ஒரு விளம்பரக் கடையில் அமிகா கணினி ஒன்றைப் பார்த்தேன். அமிகா முதலில் வந்தது 1985. அதில் 'திரை' என்பது தனிப் பொருள். ஒரு திரை 320 புள்ளி அகலத்தில் நிறைய நிறங்களோடு, இன்னொன்று 640 புள்ளி அகலத்தில் குறைந்த நிறங்களோடு. முன்னால் இருப்பதன் மேல்விளிம்பை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால், பின்னால் இருப்பது அதன் சொந்தத் தெளிவுத்திறனோடு மேலே தெரியும். ஒரே கண்ணாடியில், ஒரே நேரத்தில். அதற்குள் காப்பர் என்று ஒரு துணைச்சில்லு இருந்தது. படக்குழாயின் கதிர் எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, குறித்த வரி வந்ததும் அமைப்பை மாற்றிவிடும். அந்தக் கடைக்காரருக்கு அது அதிசயமாகவே தெரியவில்லை. நான்தான் கழற்றிய பலகையைத் திருப்பி மாட்டாமல் அரைமணி நேரம் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைய விண்டோஸில் டெஸ்க்டாப் என்பது "இந்தச் சாளரங்களைக் காட்டு, அந்தச் சாளரங்களை மறை" என்ற பட்டியல், அவ்வளவே. தெளிவுத்திறன் என்பது கிராஃபிக்ஸ் சில்லும் மானிட்டரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டது. மாற்றும்போது திரை கறுப்பது அந்தப் பேச்சு மறுபடி நடப்பதால்தான். இருக்கும் சாளரங்கள் புது எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதால் குவிகின்றன. ஆகவே அந்த வழியை விட்டுவிடுங்கள். மங்கலுக்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் பழைய மென்பொருளுக்கு ஸ்கேலிங் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற கணக்கில் படத்தை வரைந்து கொடுத்துவிடுகிறது. விண்டோஸ் அதை ஒன்றரை மடங்கு இழுக்கிறது. ஒரு புள்ளி தடிமனான கோடு ஒன்றரைப் புள்ளியாக வேண்டும். அரைப் புள்ளி என்று திரையில் எதுவும் கிடையாது, அதனால் அந்த அரை சாம்பல் நிறமாகிறது. ஆங்கில எழுத்து இதைத் தாங்கிவிடும். தமிழில் மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி சின்ன அளவில் இரண்டு மூன்று திரைப்புள்ளிதான். அது கரைந்துபோனால் "அன்பு" என்பது "அனபு" ஆகிவிடும். உங்கள் மகன்-மகள் கதை இந்தச் சாம்பலில்தான் நடந்திருக்கிறது.

1920க்கு 1080 வைத்தால் சரியாகப் பாதி, ஆகவே ஒவ்வொரு புள்ளியும் இரண்டுக்கு இரண்டு சதுரமாகப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தோன்றும். பல மானிட்டர்கள் அப்படிச் செய்யாமல் ஓரத்தை மழுப்பிவிடுகின்றன. எல்.சி.டி.க்கு அதன் சொந்த எண்ணிக்கையைத் தவிர மற்ற எல்லாம் இரவல் சட்டைதான்.

செய்ய வேண்டியது: அந்த மென்பொருளின் படக்குறியில் வலது சொடுக்கு, ப்ராபர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அங்கே உயர் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது) அமைப்பு மாற்றும் பொத்தான். உள்ளே கீழே ஒரு கட்டம் இருக்கும். அதை 'டிக்' செய்தால் மூன்று தேர்வுகள். 'அப்ளிகேஷன்' என்றால் இழுக்காமல் அப்படியே காட்டும். கூர்மையாக இருக்கும், ஆனால் பொடியாக. 'சிஸ்டம்' என்றால் இப்போது உள்ளதே. 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்றால் எழுத்தையும் கோட்டையும் பெரிய அளவிலேயே புதிதாக வரைய முயலும். படக்குறிகள் மட்டும் மங்கலாகவே இருக்கும். மூன்றாவதை முதலில் முயலுங்கள். மென்பொருளை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும்.

இன்னொன்று. பெரிய திரை என்றால் மவுஸ் சேற்றில் நடக்கும் என்று யார் சொன்னது? செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட் என்ன எண் என்று பார்த்துச் சொல்லுங்கள். 30 என்று இருக்கும் என்பது என் ஊகம். எச்டிஎம்ஐ 1.4 வரை 4கேவுக்கு நொடிக்கு 30 படம்தான். உங்கள் கணினியின் வயதுள்ளவற்றில் அந்தத் துளை பெரும்பாலும் அந்தத் தலைமுறை. பக்கத்திலேயே டிஸ்ப்ளேபோர்ட்டைச் சும்மா வைத்திருக்கிறீர்கள். அதில் 60 வரும்.

பென்குயின் பக்தன்

லினக்ஸில் நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். எக்ஸ் சாளர அமைப்பில் டெஸ்க்டாப் மாறுவதைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு குட்டி நிரல் எழுதி, மாறியதும் எக்ஸ்ரேண்டர் கட்டளையால் தெளிவுத்திறனை மாற்றச் செய்தேன். வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு தாவலுக்கும் திரை ஒரு நொடி கறுத்ததால் இரண்டு நாளில் நானே எடுத்துவிட்டேன். அதே எக்ஸ்ரேண்டரில் மானிட்டரைவிடப் பெரிய டெஸ்க்டாப் வைத்து, மவுஸ் ஓரத்துக்குப் போனால் காட்சி நகரும்படியும் செய்யலாம். விரும்பினால் விளக்குகிறேன்.

மெய்ப்புக்காரன்

பென்குயின் தம்பி, உங்கள் அன்புக்கு நன்றி. முகூர்த்த மாதத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் மாற்றினால் என் மனைவி என்னை மாற்றிவிடுவாள்.

பழைய பலகை ஐயா, எண் 30தான். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் எங்கள் ஊரில் கேட்டால் கடைக்காரர் வேறு எதையோ எடுத்துக் காட்டினார். மதுரைக்குப் போன பையனிடம் சொல்லி வாங்கி மாட்டினேன். இப்போது 60. மவுஸ் அம்பு எண்ணெய் போட்டதுபோல ஓடுகிறது. எட்டு மாதமாக மணிக்கட்டு வலிக்கு வயதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

'அப்ளிகேஷன்' வைத்துப் பார்த்தேன். மெனு எல்லாம் எறும்பு வரிசையாகிவிட்டது. 'என்ஹான்ஸ்டு' பரவாயில்லை. எழுத்துகள் தேறிவிட்டன, கருவிப்பெட்டிப் படங்கள் மட்டும் பழையபடி. முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன், ஆனால் ள்-ளின் வளைவு தெரிகிறது.

புதுத் தலைவலி: இரண்டாவது டெஸ்க்டாப்பில் நின்றுகொண்டு அஞ்சலிக் கோப்பைத் திறந்தால், அது முதல் டெஸ்க்டாப்புக்குப் போய்க் கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கத்தில் உட்காருகிறது. நான் எதற்காக இவ்வளவும் செய்கிறேனோ, அதுவே நடக்கவில்லை.

பழைய பலகை

நடக்காது. அதை முன்பே யோசித்திருக்க வேண்டும், என் தவறு. உங்கள் மென்பொருள் அந்தக் காலத்துப் பாணி: ஒரு பெரிய சாளரம், அதன் வயிற்றுக்குள் ஒவ்வொரு கோப்பும் ஒரு குட்டிச் சாளரம். விண்டோஸுக்கு வெளியே இருக்கும் பெரியது மட்டும்தான் கண்ணில் படும். அதைத்தான் ஒரு டெஸ்க்டாப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த முடியும். வயிற்றுக்குள் இருப்பதைப் பிரிக்க முடியாது. சில பி.டி.எஃப். செயலிகளும் இப்படித்தான், புதுக் கோப்பைத் தாவலாகச் சேர்த்துக்கொண்டு உங்களை வேறு டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போகும். அவற்றில் 'புதுச் சாளரத்தில் திற' என்று மாற்றிக்கொள்ளலாம்.

பழைய மானிட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

மெய்ப்புக்காரன்

பரணில் இருக்கிறது. 19 அங்குலம், சதுரமாக இருக்குமே அது.

பழைய பலகை

இறக்குங்கள். அது 1280க்கு 1024. அங்குலத்துக்கு ஏறத்தாழ 86 புள்ளி. புதியது 163. ஸ்கேலிங் மானிட்டருக்கு மானிட்டர் வேறாக வைக்கலாம் என்பதுதான் இதில் சூட்சுமம்: பழையதில் 100, புதியதில் 150. 100 வைத்த திரையில் உங்கள் மென்பொருளை யாரும் இழுக்க மாட்டார்கள், 2001-இல் தெரிந்தது போலவே கூர்மையாகத் தெரியும். அந்த 'என்ஹான்ஸ்டு' டிக்கையும் எடுத்துவிடலாம்.

விஜிஏயில் மாட்டுங்கள். எழுத்து நடுங்கினால் மானிட்டரில் 'ஆட்டோ' பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள். டிஸ்ப்ளே அமைப்பில் இரண்டு பெட்டிகள் தெரியும். மேசையில் இருக்கும் இடத்தைப் போலவே அவற்றை இழுத்து, அடிவிளிம்பைச் சேர்த்து வையுங்கள். உயரம் 1024க்கும் 2160க்கும் உள்ள வித்தியாசத்தால் மவுஸ் சில இடங்களில் சுவரில் முட்டும். பழகிவிடும்.

ஒரு சிக்கல்: விண்டோஸில் டெஸ்க்டாப் மாற்றினால் இரண்டு மானிட்டரும் சேர்ந்தே மாறும். மேக்கில் மானிட்டருக்குத் தனித்தனியாக வைக்கலாம், இங்கே இல்லை. அதற்கு வழி: விண்டோஸ்-டேப் அழுத்தி, பழைய மென்பொருளின் மேல் வலது சொடுக்கு. எல்லா டெஸ்க்டாப்பிலும் காட்டு என்று இரண்டு வரிகள் வரும். ஒன்று இந்தச் சாளரத்துக்கு மட்டும், மற்றது இந்தச் செயலியின் எல்லாச் சாளரங்களுக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மிதக்கும் கருவிப்பெட்டி ஏதாவது ஒரு டெஸ்க்டாப்பில் தங்கிவிட்டு வராமல் போகலாம்.

பிறகு 19 அங்குலத்தை உங்கள் முகத்துக்கு நேராக, சுவர்ப் பக்கமாகத் திருப்பி வையுங்கள். 27 அங்குலம் வாடிக்கையாளர் பக்கம். அவர்களை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க விடாமல் மேசைக்கு எதிரே உட்கார வையுங்கள். அவர்கள் பார்ப்பது பி.டி.எஃப். மட்டும்.

நான்காம் சாளரம்

பின்னணிப் படத்தையும் வேறாக்குங்கள் ஐயா, எந்த டெஸ்க்டாப்பில் நிற்கிறோம் என்று ஒரு பார்வையில் தெரியும்.

மெய்ப்புக்காரன்

பத்து நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பரணிலிருந்து இறக்கும்போது அதன் பின்னால் ஒரு பல்லி முட்டை. 'ஆட்டோ' அழுத்தியதும் நடுக்கம் நின்றது. பழைய திரையில் எழுத்துகளைப் பார்த்தபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்ட மாதிரி இருந்தது. மவுஸ் சுவரில் முட்டுவது உண்மைதான். முதல் இரண்டு நாள் திட்டினேன், இப்போது கை தானாகவே கீழே இறங்கித் தாண்டுகிறது. 27 அங்குலத்தில் மூன்று டெஸ்க்டாப்: கல்யாணம் மஞ்சள் பின்னணி, அஞ்சலி வெள்ளை, மூன்றாவது வாட்ஸ்அப்பும் கணக்கும். கருவிப்பெட்டி ஒரு நாள் காணாமல் போனது. முதல் வரியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததும் வந்துவிட்டது.

நேற்று ஒரு குடும்பம் வந்தது. மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பி.டி.எஃப்.பைத் திரை நிறைய வைத்ததும், மூக்குக்கண்ணாடி போடாத பாட்டி ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' விட்டுப்போயிருக்கிறதே" என்றார். திருத்துவதற்காக என் பக்கத் திரைக்குத் திரும்பினேன். அதில் ஒரு பதினாறாம் நாள் காரிய அழைப்பு திறந்தே கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டு, 'தெய்வத்திரு'வைச் சேர்த்து, புது பி.டி.எஃப். எடுத்து எதிரே காட்டினேன். பாட்டி தலையாட்டினார். 500 பத்திரிகைக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.